ஜன்னலை அளப்பதற்கு முன் தரையை அளக்க வேண்டும்

வீட்டை அலங்கரிக்க ஆரம்பிக்கும்போது பலரும் முதலில் வாங்குவது திரைச்சீலையைத்தான். ஜன்னல் சுவரோடு இருக்கிறது, எங்கும் நகராது. அளந்து தைக்கக் கொடுத்தால் ஒரு வேலை முடிந்தது. சோபாவும் கட்டிலும் அப்புறம் வந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். வந்த பிறகுதான் தெரியும், தரை வரை தைத்த திரையின் பாதி சோபாவின் முதுகுக்குப் பின்னால் கசங்கிக் கிடக்கிறது என்று. அதை விலக்க சோபா மேல் ஏற வேண்டும். ஒரு மாதத்தில் ஏறுவதை நிறுத்திவிடுவோம். அதன் பிறகு அந்த அறையில் பகலிலும் விளக்குதான்.

நானே இப்படி ஒரு வருடம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன்: முதலில் நடக்கும் வழி, பிறகு மரச்சாமான், கடைசியில் ஜன்னல்.

கட்டம் போட்ட தாளில் 1 சென்டிமீட்டரை 20 சென்டிமீட்டராக வைத்து அறையை வரையுங்கள். கதவு திறக்கும் வளைவு, ஜன்னல் கதவு உள்ளே திறக்கிறதா வெளியேயா, ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, எல்லாமே அதில் வர வேண்டும். சுவரின் நீள அகலத்தை மட்டும் வரைந்துவிட்டு, பீரோவை சுவிட்ச் போர்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துபவர்கள் நிறைய.

அடுத்த தவறு, சாமான்களை மூடிய நிலையில் அளப்பது. 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள அலமாரியின் கதவு திறந்தால் முன்னால் இன்னொரு 50 சென்டிமீட்டராவது போகும். அந்தக் கதவுக்கு எதிரே ஆளும் நிற்க வேண்டும். மேசை இழுப்பறைக்கும் இதே கணக்குதான். சாப்பாட்டு மேசை என்றால் அதன் விளிம்பிலிருந்து சுவர் வரை 90 சென்டிமீட்டர் இருந்தால்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ முடியும். பொதுவாக நடக்கும் வழிக்கு 75 முதல் 90, சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45, கட்டிலின் பக்கத்தில் 60 சென்டிமீட்டர் விடுவது வழக்கம். எண்கள் மனதில் நிற்காது. பழைய செய்தித்தாள்களை சோபா அளவுக்கு, கட்டில் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, அவற்றை மிதிக்காமல் இரண்டு நாள் புழங்கிப் பாருங்கள். கால் எங்கே இடிக்கப் போகிறது என்று தாளே சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டி வைத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்பது பாதிதான் உண்மை. நடுவில் மைதானமாக இடம் கிடக்கும்; உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கும். சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்தாலே, பின்னால் ஜன்னல் இருக்கும்பட்சத்தில், திரை நேராகத் தொங்கவும் கை நுழையவும் இடம் கிடைத்துவிடும்.

ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் தொலைக்காட்சியை மாட்டாதீர்கள். திரையில் படத்தைவிட ஜன்னல்தான் நன்றாகத் தெரியும். ஜன்னலுக்கு முன்னால் மாட்டினாலும் தொல்லைதான், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் கண் கூசும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரி. எழுதும் மேசைக்கும் அதே விதி. வலது கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப் பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் தாளில் விழாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜன்னலடியில் கட்டிலோ பெட்டியோ போடவே கூடாது. ஏறி எட்டிப் பார்க்க அது படிக்கட்டாகிவிடும்.

சரி, இப்போது ஜன்னல்.

திரைக் கம்பியைச் சட்டத்தின் அகலத்துக்கே வெட்டி, சட்டத்தின் தலையிலேயே அடிப்பதுதான் மிகப் பரவலான தவறு. திறந்து வைத்தாலும் இரண்டு பக்கமும் குவிந்த துணி கண்ணாடியை மறைக்கும். வெளிச்சத்துக்காக வைத்த ஜன்னலில் மூன்றில் ஒரு பங்கு துணிக்கே போய்விடும். ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 25 சென்டிமீட்டர் வெளியே நீட்டுங்கள். குவியல் சுவர் மேல் உட்காரும். உயரம் சட்டத்துக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர். கூரைக்கு இன்னும் கொஞ்ச இடம்தான் இருக்கிறது என்றால் கூரையை ஒட்டியே மாட்டலாம், அறை உயரமாகத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு மேல் பெரும்பாலும் கான்கிரீட் உத்தரம் இருக்கும். சாதாரண டிரில் அங்கே திணறும், ஆள் வரும்போதே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நீளமான கம்பிக்கு நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் வயிறு தொங்கும்.

துணிக் கணக்கில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு துணி அகலம் வேண்டும். 120 சென்டிமீட்டர் ஜன்னலுக்கு இருபுறமும் 20 விட்டால் கம்பி 160. இரண்டு மடங்கு என்றால் 320. திரைத் துணி பல இடங்களில் 54 அங்குல அகலத்தில் வரும், அதாவது சுமார் 137 சென்டிமீட்டர். இரண்டு அகலம் எடுத்தால் 274தான் வருகிறது. மூடும்போது கொடியில் உலர்த்திய போர்வை போல் விறைத்து நிற்கும், மடிப்பே விழாது. மூன்று எடுங்கள். விலை அதிகமானால் துணியின் தரத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளலாம், அகலத்தைக் குறைக்காதீர்கள். பூப்போட்ட துணி என்றால் தையலில் பூவோடு பூ சேர வேண்டும், அதற்குக் கூடுதல் நீளம் செலவாகும்.

ஐலெட் வளையம், அதாவது கம்பி நுழையத் துணியின் மேல்விளிம்பில் பதிக்கும் வளையம், வைத்துத் தைப்பதானால் ஒரு திரைக்கு வளையங்கள் இரட்டைப்படையாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர் பக்கம் திரும்பும்.

உருட்டித் தூக்கும் பிளைண்டைச் சட்டத்துக்கு உள்ளே பொருத்த அளக்கும்போது அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, மிகச் சிறியதைக் கொடுக்க வேண்டும். சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஜன்னல் கைப்பிடி உள்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், பிளைண்ட் அதில் இடிக்கும். ஜன்னல் கதவு உள்ளே திறந்தால் இந்த வகையே வேண்டாம். படுக்கையறையை முழு இருட்டாக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: துணி எவ்வளவு கெட்டியானாலும் இரண்டு ஓரங்களிலும் ஒரு விரல் இடைவெளி இருக்கும், காலை வெயில் அதன் வழியாகக் கத்தி போல் நுழையும். அதன் மேல் ஒரு திரையும் வேண்டும். தொங்கும் கயிற்று வளையம் குழந்தைகளின் கழுத்தில் சிக்கி உயிரைப் பறித்திருக்கிறது. கயிறு இல்லாத வகையே நல்லது.

மெல்லிய வலைத் திரை மறைப்புத் தரும் என்று நம்பி அதை மட்டும் போடுபவர்கள், இரவு விளக்கைப் போட்டுவிட்டு ஒருமுறை வெளியே போய் நின்று பார்க்கட்டும். வெளிச்சமான பக்கம்தான் இருட்டிலிருந்து தெரியும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு இன்னொரு சங்கதி உண்டு. மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேலே உள்ள சன்ஷேட் அதைத் தடுப்பதில்லை. உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. திரையின் பின்பக்கம் தைக்கும் வெளிர் நிற லைனிங் துணி கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வெளியே ஒரு தட்டியோ மறைப்போ போட முடிந்தால் பலன் அதிகம். பட்டுத் துணியை அந்தப் பக்கம் மாட்டவே வேண்டாம், வெயிலில் இற்றுவிடும்.

துணி வாங்கியதும் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கணுக்காலுக்கு மேல் ஏறிய பேண்ட் மாதிரி ஆகிவிடும். முதலில் துவைத்துக் காயவையுங்கள். கம்பியை மாட்டிய பிறகு, கம்பியிலிருந்து தரைக்கு இரண்டு முனையிலும் தனித்தனியாக அளங்கள், தரையும் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. தரைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி அடிமடிப்பை ஊசி குத்தி மட்டும் வைத்து ஒரு வாரம் தொங்கவிடுங்கள். கனமான துணி தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கும். இறங்கி முடிந்த பிறகு அடித்தையல் போடச் சொல்லுங்கள்.