குடல் புற்றுநோய்க்குப் பிறகு காளான் குளிசை: போத்தலைத் திறக்க முன்

திருகோணமலையில் யாராவது குடல் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்தால், கொஞ்ச நாளிலேயே கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் காளான் குளிசைப் போத்தல் ஒன்றைக் கொடுத்தனுப்பி விடுவார். நோய் திரும்பாமல் காக்கும் என்ற நம்பிக்கையில், அன்பில்தான் அனுப்புகிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் திறக்க முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

கீமோ இன்னும் போய்க்கொண்டிருந்தால், ஊசியாக இருந்தாலும் குளிசையாக இருந்தாலும், போத்தல் அலுமாரியிலேயே இருக்கட்டும். லேபிளை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள், மட்டக்களப்புக்குப் போனாலும் மஹரகமவுக்குப் போனாலும் சரி. "மூலிகை ஏதும் சாப்பிடலாமா டொக்டர்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். காளானின் பெயர், எத்தனை மில்லிகிராம், நீங்கள் போடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். ஏச்சு விழும் என்று மறைக்க மட்டும் வேண்டாம். ரெய்ஷி என்ற காளானின் தூளை எடுத்துச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. உங்கள் இரத்தப் பரிசோதனையில் ஈரலுக்கான எண்கள் ஏறினால், காளான் விஷயம் தெரியாத டொக்டர் கீமோவைத்தான் சந்தேகிப்பார், அதைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். தேவையான மருந்து சும்மா வெட்டுப்பட்டுப் போகும்.

சரி, இதில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா? டர்க்கி டெயில் என்ற காளானில் கொஞ்சம் இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்ற பொருளை ஜப்பான் 1977இல் மருந்தாக அங்கீகரித்தது. குடல், வயிற்றுப் புற்றுநோய் ஒப்பரேஷனுக்குப் பிறகு கீமோவோடு சேர்த்து, நாளுக்கு 3 கிராம் அளவில் அங்கே கொடுத்தார்கள், சில ஆய்வுகளில் பலனும் தெரிந்தது. ஆனால் அது மருந்துத் தரத்தில் செய்த சாறு, கூடக் கொடுத்த கீமோவும் பழைய காலத்துக் கீமோ. உங்கள் கையில் இருக்கும் போத்தல் அது இல்லை. ரெய்ஷியை முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. காளான் மட்டும் எடுத்து நோய் திரும்பாமல் தடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை, பேஸ்புக்கில் யார் என்ன சொன்னாலும்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது, காளானின் குடைப்பகுதியா, தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையா என்பது. இரண்டாவது வகையில் தானிய மாவும் சேர்ந்தே வரும். 'பொலிசக்கரைட் 40 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், மாப்பொருளும் பொலிசக்கரைட்தான். காளானுக்கே உரிய பொலிசக்கரைட்டான பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். பத்துக் காளானை ஒரே குளிசையில் அடைத்த கலவைகளை நான் என்றால் வாங்கமாட்டேன், எது ஒத்துவரவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின், குளோபிடோக்ரல், அஸ்பிரின் எடுப்பவர்களும் சீனி வருத்தத்துக்கு மருந்து போடுபவர்களும் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ரெய்ஷி இரத்தக் கசிவைக் கூட்டலாம், மைடாக்கே காளான் சீனியை இறக்கலாம். சிறுநீரகம் பலவீனம் என்றால் சாகா காளான் வேண்டவே வேண்டாம், அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஒக்சலேட் அதிகம். அடுத்து ஏதும் ஒப்பரேஷன் இருந்தால், மலம் சேர வயிற்றில் வைத்த பையை (ஸ்டோமா பை) எடுத்துக் குடலைத் திரும்ப இணைக்கும் ஒப்பரேஷனாக இருந்தாலும், எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சிறுகுடலிலிருந்து பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். குளிசை கரையாமல் முழுசாகவே பைக்குள் வந்து விழலாம். கறிக் காளானும் சரியாக மெல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பை நிரம்பாமல் வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால் கைமருந்து பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டொக்டர் சம்மதித்தால் ஒரே ஒரு வகை, குறைந்த அளவில் தொடங்குங்கள், அதே கிழமையில் வேறு புது மருந்தோ கஷாயமோ சேர்க்காமல். சித்த வைத்தியரிடமும் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், உடம்பு கடித்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் காளான் சூடு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனைத் தவணைகளைக் காளானை நம்பித் தவறவிடவும் கூடாது.

சந்தையில் விற்கும் சிப்பிக் காளானைச் சின்னதாக வெட்டி நன்றாக அவித்துச் சாப்பிடுவது வேறு விஷயம், குடல் ஆறிய பிறகு சூடை மீன் போல அதுவும் ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். மழைக்குப் பிறகு வளவில் முளைப்பதைப் பிடுங்க வேண்டாம்.

ஆதாரம் நிறைய இருப்பது உடற்பயிற்சிக்குத்தான். 2025இல் வெளிவந்த சலெஞ்ச் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்து மூன்று வருடம் ஒழுங்கான பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 5 வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம், அந்தத் திட்டத்தில் இல்லாத மற்றக் குழுவில் சுமார் 74. உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் வேகமாக நடக்கக் காசு தேவையில்லை.

அனுப்பிய சொந்தக்காரருக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறீர்களா? அடுத்த முறை அந்தக் காசுக்கு ஸ்டோமா பை அனுப்பச் சொல்லுங்கள், அளவையும் பிராண்டையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு.