சர்க்கரைக்காரரின் சீழில் 'சூடோமோனாஸ்' வளர்ந்தால்

எங்கள் லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுவேன்: சர்க்கரை நோயாளியின் சீழிலோ ரத்தத்திலோ 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியா வளர்ந்ததாக எழுதப் போகிறாயா, பேனாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிடு. அது மெலியோய்டோசிஸ் என்ற வேறொரு நோயின் கிருமியாக இருக்கலாம்.

நான் பட்டதால் சொல்கிறேன். ஒரு நெல் விவசாயி. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல், இருமல், உடம்பு கரைந்துகொண்டே போனது. சளியில் கிருமி தெரியாமலேயே டிபி மாத்திரை ஆரம்பித்து, நான்கு மாதமாகியும் காய்ச்சல் விடவில்லை. இடையில் ரத்த கல்ச்சரில், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஏதோ வளர்ந்தது. 'சூடோமோனாஸ் இனம், வெளியிலிருந்து கலந்திருக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டது நான்தான். மண்ணீரலில் சீழ் கட்டிய பிறகுதான் அது மெலியோய்டோசிஸ் என்று தெரிந்தது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா செய்யும் வேலை. 1911-ல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் கண்டது. இன்றும் நம் கண்ணுக்குத் தப்புகிறது.

சரி, எப்படிப் பிடிப்பது? படிவத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் இருந்தால் வார்டுக்குப் போன் போடுங்கள். சர்க்கரை உண்டா, சேற்றில் இறங்கி வேலையா, மழைக்குப் பிறகு வந்ததா, கல்லீரல், மண்ணீரல், புராஸ்டேட்டில் சீழ் இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை என்றால் காதுக்கு முன்னால் வீக்கம்.

கிராம் ஸ்டெயினில், அதாவது கிருமிக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, இரு முனையும் சிவந்து நடு வெளுத்து, ஊக்கு மாதிரி தெரியலாம். அதை மட்டும் நம்பாதீர்கள், வேறு கிருமிகளும் அப்படித் தெரியும். கிருமி வளரும் பிளேட்டை மறுநாளே தூக்கிப் போடாதீர்கள். முதல் நாள் வழுவழுப்பான சின்னப் புள்ளிகள்தான்; மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் காய்ந்து சுருங்கி அப்பளம்போல ஆகும். மண்வாசனை வரும் என்பார்கள். தயவுசெய்து முகர்ந்து பார்க்காதீர்கள்! மூச்சு வழியாகவே தொற்றும். சந்தேகம் வந்ததுமே பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் வைத்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

கிருமியில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பாசிட்டிவா? ஆன்டிபயாடிக் தோய்த்த மூன்று டிஸ்க் வையுங்கள். ஜென்டமைசின், கோலிஸ்டின் இரண்டையும் சுற்றி வளர்ந்துவிட்டு, கோ-அமாக்ஸிக்ளாவைச் சுற்றி மட்டும் வளராமல் வட்டம் விட்டால் பெரும்பாலும் இதுதான். வழக்கமான சூடோமோனாஸ் இதற்கு நேர் எதிர். கிருமியை அடையாளம் காணும் மெஷின் 'செபேசியா' என்று இதன் உறவுக் கிருமியின் பெயரைச் சொன்னாலும் விடாதீர்கள், உறுதிசெய்யப் பெரிய லேபுக்கு அனுப்புங்கள்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ரத்தத்தோடு சிறுநீர், தொண்டை ஸ்வாப், சீழ் எல்லாவற்றையும் மறுபடி கேளுங்கள்.

அப்புறம், ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் பேசிவிடுங்கள். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.