50 மீட்டர் சுருள் ஏன் குறைந்தது? என் அனுபவம்

குன்னூரில் எங்கள் நாடாத் தறியில் ராணுவப் பைகளின் வார்களுக்கு நைலான் நாடா நெய்கிறோம். போன ஐப்பசி மழையில் அனுப்பிய லாட் திரும்பி வந்துவிட்டது. 50 மீட்டர் சுருளில் அரை மீட்டர் குறைவாம். நெஞ்சு பதறிப்போனது.

தறி ஓட்டும் அண்ணன்தான் பிடித்தார்: "தம்பி, இழுத்த இழுப்புல அளந்துட்டோம்." அதோடு நைலான் ஈரத்தையும் குடிக்கும். மூடுபனியில் நீண்டிருந்தது, சோதனை அறையின் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் சுருங்கிவிட்டது.

இப்போது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் அறையில் நாடாவைத் தளர்வாக மடித்து, ஒரு நாள் முழுக்கப் போட்டுவைக்கிறோம். அதன் பிறகே அளவு. வெட்டுவது சூட்டுக் கத்தியால். நுனி உருகி, விரலில் நெருடும் கெட்டி விளிம்பாக இறுகும், நூல் பிரியாது. அடுத்த லாட் ஒரே தடவையில் தேறியது.