கோடையில் க்ளவுன் மீன் தொட்டி: எனக்குக் கைகொடுத்த வழி

சென்னையில் ஏப்ரல் பிறந்ததுமே எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் வெப்பநிலை 31 டிகிரியைத் தாண்டிவிட்டது. ஜோடி க்ளவுன் மீன்கள் இரண்டும் மேல்மட்டத்திலேயே நின்று செவுளை வேகவேகமாக அசைத்தன. தீனியும் எடுக்கவில்லை. பார்க்கவே மனம் கேட்கவில்லை. உடலில் வெள்ளைப் புள்ளியோ சளிப் படலமோ இல்லாததால் மருந்தில் கைவைக்கவில்லை. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். முதலில் அதைச் சரிசெய்ய நினைத்தேன்.

கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டேன் (க்ளவுன் மீன் துள்ளி வெளியே விழக்கூடும், வலை கட்டாயம்). நீர்ப்பரப்பில் சாய்வாகக் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தேன். பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சின்ன மோட்டார்) மேல்நோக்கித் திருப்பியதும் நீர்ப்பரப்பு நன்றாக அலையடித்தது. வெப்பநிலை 28க்கு இறங்கியது. மீன்கள் மறுபடி தீனிக்கு ஓடிவந்தன.

ஃபேன் ஓடினால் நீர் வேகமாக ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 (நீரின் ஒப்படர்த்தி) இருந்தது 1.027 ஆனது. ஆவியாகிக் குறைந்த நீரை உப்புநீரால் நிரப்பவே கூடாது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். மொத்தமாக ஊற்றினால் உப்பின் அளவு சட்டென்று மாறி மீனை வாட்டும். உப்பு கரைத்த நீர், பழைய நீரை மாற்றும் நாளில் மட்டுமே.

சிறிய தொட்டிக்கு இது போதும். பவளம் வளர்ப்பவர்கள் சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதே நல்லது.