ஏதாவது ஒரு 750 வாட்

போன மாதம் மட்டும் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினார்கள். அக்கா மகன், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், மாடி வீட்டுத் தம்பி. மூவரும் கேமிங் கணினியைத் தாங்களே அசெம்பிள் செய்யப் போகிறார்கள். மூவருக்கும் பட்ஜெட் இரண்டு லட்சத்துக்கு மேல். கிராபிக்ஸ் கார்டில் எத்தனை விசிறி, என்ன நிறம் என்பது வரை எழுதியிருந்தார்கள். கடைசி வரி மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அக்கா மகன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எஸ்எம்பிஎஸ் - ஏதாவது ஒரு 750 வாட்." கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். பவர் சப்ளை என்றும் சொல்வோம்.

பல வருடங்களுக்கு முன், கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நான் நீட்டிய துண்டுச் சீட்டிலும் கடைசி வரி இதே தினுசுதான். எனவே வழக்கமாக நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன். பிராசஸர் சாக்கெட் பொருந்துமா, பழைய ராம் புதிய போர்டில் ஏறுமா என்கிற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைசியில் எழுதுவது

2020 கடைசியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கார்டு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. கையிருப்பு முழுக்க அதற்கே போய்விட்டது. 750 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியா தெளிவாகவே போட்டிருந்தது. என்னிடம் இருந்தது பழைய 550 வாட். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார்டுக்கு 320, பிராசஸருக்கு 105, விசிறி, டிஸ்க், மற்றதெல்லாம் சேர்த்து 60. மொத்தம் 485. அடங்குகிறதே! ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கேம் ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஓடும். பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், திரை இருண்டுவிடும். நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். முறையாக அணைக்காமல் கணினி நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. அது எனக்கே தெரியுமே! விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டேன். டிரைவரை மாற்றினேன். ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஈபி வோல்டேஜ்தான் காரணம் என்று முடிவுகட்டி ஸ்டெபிலைசர் வேறு வாங்கினேன். ஆறு வாரம் கழித்து நண்பர் ஒருவர் தன் 850 வாட் சப்ளையை இரவல் தந்தார். அன்றோடு நின்றது.

நான் போட்ட கணக்கில் கூட்டல் சரிதான், கூட்டிய எண்கள்தான் தப்பு. 105 வாட் என்று பெட்டியில் எழுதிய பிராசஸர் முழு வேகத்தில் 140 வாட்டைத் தொடும். கார்டுக்குப் போட்டிருக்கும் 320 வாட் என்பது சராசரி. ஒரு காட்சியில் திடீரென்று வேலை கூடினால் சில மில்லிசெகண்டுகளுக்கு அதைவிட வெகுவாக மேலே தாவிவிட்டு இறங்கும். நம் கண்ணுக்கோ சாதாரண மீட்டருக்கோ அது தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியும். வரம்பு மீறியதென்று பாதுகாப்பு சர்க்யூட் எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஆக, அந்த 550 வாட் தன் கடமையைத்தான் செய்தது. 2022-இல் வந்த, கணினி சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் இந்தத் தாவலுக்கே விதி எழுதினார்கள்: புதிய கார்டுகளுக்கான சப்ளை, தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும். இன்று வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 3.0 அல்லது 3.1 இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த எரிச்சல் எனக்கு எப்போதோ போயிருக்கும். புதிதாக 850 வாட் மாடுலர் சப்ளை, அதாவது கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது, வாங்கினேன். பழையதும் மாடுலர்தான். கேபினட்டுக்குப் பின்னால் கேபிள்களை அழகாக வளைத்து டை போட்டுக் கட்டி வைத்திருந்தேன், அவிழ்க்க மனம் வரவில்லை. சப்ளையை மட்டும் மாற்றி, பழைய கேபிள்களைப் புதியதில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் வம்பே. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளில், டிஸ்க் பக்கம் இருக்கும் முனை எல்லாருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்குப் பொது விதி எதுவும் இல்லை. எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறலாம். சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய வழியில் 12 வோல்ட் போனது. லேசான தீய்ந்த வாடை, அவ்வளவுதான். நான்கு டெராபைட் டிஸ்க் போயிற்று. அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்த எங்கள் ஊர்த் திருவிழா நாகஸ்வரக் கச்சேரிகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து மாற்றி அதில்தான் வைத்திருந்தேன். கேசட்டுகளைப் பூஞ்சை பிடித்தது என்று ஏற்கெனவே எறிந்தாகிவிட்டது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் அதில்தான் ஓடுகின்றன. ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான வாட் வந்துவிடும். நல்ல 750 வாட்டில் 62 ஆம்பியர் இருக்கும். மேலே 450 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே 17 ஆம்பியர் என்றால், 204 வாட்தான். '80 பிளஸ் கோல்டு' முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்பு எப்படி என்று சொல்லாது. நம்மில் பலர் அதை ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி கும்பிடுகிறோம்.

யூபிஎஸ்

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் 600 விஏ யூபிஎஸ் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த ரகம் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ்ஸும் கூடவே போகும்.

கார்டின் 16 பின் கனெக்டர்

2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே கார்டுக்கு மின்சாரம் தரும் இந்தக் கனெக்டர் உருகிய படங்கள் வரத் தொடங்கின. முழுதாகச் செருகாததும் ஒரு காரணம் என்று தெரியவந்தது. கடைசி வரை அழுத்திச் செருகுங்கள். முனைக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்காதீர்கள். கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறது என்றால் கேபினட் அகலம் போதாது என்று அர்த்தம்.

கேபினட்

கார்டின் நீளத்தை அளந்துதான் வாங்குகிறார்கள். ஆனால் முன்பக்கம் வாட்டர் கூலரின் ரேடியேட்டரும் விசிறியும் வைத்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரிய கார்டுகள் 340 மில்லிமீட்டரைத் தாண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் கடையின் ஏசியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மே மாதத்தில் உங்கள் அறையில் அது அடுப்பு. வலைமுகப்பு வாங்குங்கள், தூசி வந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

நான்கு ராம்

நான்கு இடமும் நிறைந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கிறதாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களில் இரண்டு ராம் போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200. நான்கு போட்டால் 3600. இரண்டே போதும்.

16 கோர்

கேமுக்கு வேண்டாம். எட்டு கோர் பிராசஸரான ரைசன் 7800எக்ஸ்3டி, தன் 96 எம்பி கேஷை (சிப்பிலேயே இருக்கும் அதிவேக நினைவகம்) வைத்துக்கொண்டு பல கேம்களில் பெரிய சிப்புகளை முந்துகிறது. வீடியோ எடிட்டிங் தொழில் என்றால் வேறு பேச்சு.

ஐந்தாம் தலைமுறை (ஜென் 5) எஸ்எஸ்டி

வேண்டாம்.

எர்த்

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? முதலில் எலக்ட்ரீசியன், அப்புறம் கேம்.

அக்கா மகனிடம் இவ்வளவையும் போனில் சொன்னேன். "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டான். நேற்று திருத்திய பட்டியல் வந்தது. எஸ்எம்பிஎஸ் இரண்டாவது வரிக்கு ஏறியிருந்தது, மாடல் பெயரோடு. கீழே கடைசி வரியில்: "எக்ஸ்ட்ரா சாட்டா பவர் கேபிள் - வாங்க வேணாம், பழைய பிசில இருக்கு."

உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடைக்குக் கிளம்பிவிட்டான் என்றாள் அக்கா.