முதல் வருடம்: குழந்தைக்குத் தரையில் இடம் கொடுங்கள்

பிறந்த ஒரு வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. உயரம் சுமார் 25 செ.மீ. கூடுகிறது. வயிறு நிறையப் பாலும் நல்ல தூக்கமும் கிடைத்தால் இந்த வளர்ச்சி பெரும்பாலும் தானாக நடக்கும். கழுத்து நிற்பது, புரள்வது, உட்காருவது, தவழ்வது போன்றவற்றுக்கோ பழக்கம் வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மடி, ஊஞ்சல், சாய்வு இருக்கை என்று மாறி மாறிக் கழித்தால், தன் உடம்பை அசைத்துப் பழகக் குழந்தைக்கு வாய்ப்பே இருக்காது. முதல் வருடத்துக்கு நாம் வாங்கும் பொருள்களில் மிகவும் பயன்படுவது தரையில் போடும் ஒரு கெட்டியான விரிப்புதான்.

பாலும் தூக்கமும்

பிறந்த சில நாட்களில் எடை குறைவது இயல்பு. 10 சதவீதம் வரை குறையலாம்; இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுங்கள். பால் போதுகிறதா என்பதை மார்பின் கனத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் போதுகிறது என்று அர்த்தம். தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாயில் வைப்பது, உதட்டைச் சப்புவது எல்லாம் பசியின் அறிகுறிகள். அழுகை கடைசியாகத்தான் வரும். வீறிட்டு அழும் குழந்தையால் மார்பைச் சரியாகக் கவ்வ முடியாது. முதலில் தோளில் போட்டு அமைதிப்படுத்திவிட்டுப் பிறகு கொடுங்கள்.

தூங்கும்போது எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒரு வயது வரை இதில் விதிவிலக்கு வேண்டாம். மெத்தை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது பாதுகாப்பானது. மல்லாக்கப் படுத்தால் பால் கக்கிப் புரையேறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. அந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும். கக்கிய பால் தானாக உணவுக்குழாய்க்கே திரும்பும். குழந்தை இரு பக்கமும் தானே புரளக் கற்றுக்கொண்ட பிறகு, தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் எழுப்பிச் சரிசெய்ய வேண்டியதில்லை.

முதல் மூன்று மாதங்களில் 14 முதல் 17 மணி நேரமும், அதன்பின் பகல் தூக்கம் உட்பட 12 முதல் 16 மணி நேரமும் தூக்கம் தேவை. பகலில் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இருக்கட்டும். இரவில் பால் கொடுக்கும்போது மங்கலான விளக்கு போதும், பேச்சு வேண்டாம்.

ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும். பசி, ஈரம், காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே மாலையில் மணிக்கணக்கில் அழும் குழந்தைகள் உண்டு. பொறுமை போய்விட்டால், குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள். எந்தக் கோபத்திலும் குழந்தையை உலுக்காதீர்கள். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும்.

குப்புறப் படுக்கவைக்கும் பயிற்சி

முதல் வாரத்திலிருந்தே தொடங்கலாம். டயப்பர் மாற்றி முடித்ததும் நல்ல நேரம். பால் குடித்த உடனே வேண்டாம். முதலில் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து, உங்கள் நெஞ்சின் மேல் குழந்தையைக் குப்புறப் போடுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்க முயலும். பிறகு தரை விரிப்புக்கு மாற்றுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி மார்புக்கு அடியில் அக்குள் உயரத்தில் வைத்து, இரண்டு முழங்கையையும் துண்டுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஊன்ற வழியில்லாமல் குழந்தை உடனே அழும். நாமும் ‘இதற்குப் பிடிக்கவில்லை’ என்று தூக்கிவிடுவோம். எதிரே நீங்களும் குப்புறப் படுத்து, ஓரடி தூரத்தில் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளில் பல தடவை. படிப்படியாக மொத்தம் அரை மணி நேரமாவது வரட்டும். பக்கத்தை விட்டு நகராதீர்கள், அப்படியே தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்புங்கள். தலையின் பின்பக்கம் தட்டையாவதையும் இந்தப் பயிற்சி குறைக்கும்.

மூன்று, நான்கு மாதத்தில் தலை நேராக நிற்கும், முழங்கையில் ஊன்றும். அதன்பின் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில்தான் போகும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, துணையில்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள், தவழ்வது 5 முதல் 13 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8 முதல் 18 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான். தவழாமலேயே நேராக நடக்கும் குழந்தைகளும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு ஏங்க வேண்டாம். உட்காரும் முன்பே தலையணை முட்டுக் கொடுத்து நெடுநேரம் உட்காரவைப்பதால் பயனில்லை. சக்கர வாக்கரை வாங்கவே வாங்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படிக்கட்டிலிருந்து உருண்டு தலையில் அடிபடவும் சூடான பாத்திரத்தை எட்டவும்தான் வழி செய்யும். கனடா அதை 2004-லேயே தடை செய்துவிட்டது.

ஆறு மாதத்தில் உணவு

ஆறு மாதத்தை ஒட்டி உடம்பில் சேமித்த இரும்புச்சத்து தீர்ந்துவரும். தாய்ப்பால் மட்டும் அப்போது போதாது. நாம் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், தலை ஆடாமல் நிற்க வேண்டும், உணவைப் பார்த்து வாய் திறக்க வேண்டும். இவை மூன்றும் தெரிந்தால் தொடங்கலாம். முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். பருப்பு, முட்டை, இறைச்சி, இரும்புச்சத்து சேர்த்த தானியக் கூழ் எல்லாம் ஆரம்பத்திலேயே வரட்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டியில் மசியுங்கள். நீர்த்த கூழில் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் காத்திருங்கள். குழந்தையே வாயை மூடி வழித்துக்கொள்ளட்டும். முதல் நாட்களில் நாக்கு உணவை வெளியே தள்ளும். பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரே காயைப் பத்துத் தடவை கொடுத்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய.

எட்டு மாதத்தில் கட்டி கட்டியாக மசித்ததையும், கையில் பிடித்துத் தின்னும் மெத்தென்ற துண்டுகளையும் கொடுத்துவிடுங்கள். பத்து மாதம் வரை மிக்ஸியில் அரைத்தே கொடுத்தால் பின்னால் மென்று தின்ன மறுக்கலாம். ஒன்பது மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம். முட்டையையும் வேர்க்கடலை விழுதையும் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொன்றாக, பகலில், கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். கடுமையான தோல் அரிப்பு உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வயது வரை தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. பசும்பாலை முக்கிய பானமாக்குவது ஒரு வயதுக்குப் பிறகுதான்.

குமட்டி இருமினால் பதறாதீர்கள். அது உணவைத் தானே முன்னால் தள்ளும் பாதுகாப்பு. சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால்தான் அடைப்பு. உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் 5 தட்டு. மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. அடைப்பு விலகும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் உணவு இன்னும் உள்ளே போகும். முழு திராட்சை, முழுக் கடலை, உருண்டையான எதையும் அப்படியே கொடுக்காதீர்கள்.

முதல் பல் எட்டிப் பார்த்ததும் ஃபுளோரைடு பேஸ்டை அரிசி மணியளவு வைத்துத் தேய்க்கத் தொடங்குங்கள்.

பேச்சு வளர டிவி, ஃபோன் திரை வேண்டாம், உங்கள் குரல் போதும். குழந்தை ‘ஊ’ என்றால் நீங்களும் ‘ஊ’ சொல்லி நிறுத்துங்கள், அது பதில் சொல்ல இடம் கொடுங்கள்.

மருத்துவரிடம் காட்ட வேண்டியவை: மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு மாதமாகியும் கழுத்து நிற்காதது, ஒன்பது மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பாதது அல்லது உட்காராதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விடுவது. குறைமாதக் குழந்தைக்கு, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிட்டு இவற்றைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ, எந்த வயதிலும் பச்சை நிற வாந்தியோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.