மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்கு வண்ணம் பூசும் முறை

வீட்டு மீன் தொட்டியின் பின்பக்கம் வெறும் கண்ணாடியாகவே இருந்தால், மீன்களோடு சேர்ந்து சுவரின் கறையும், ஹீட்டரின் வயரும், காற்றுக் குழாயும், சுவிட்ச் பலகையும் கண்ணில் படும். கடையில் சுருளாக வைத்து அடிக்கணக்கில் வெட்டித் தரும் பவளப்பாறைப் படத்தை வாங்கி ஒட்டிவிடுவதே பலரும் செய்வது. ஆனால் அந்தத் தாள் கண்ணாடியோடு முழுவதும் படிவதில்லை. இடையில் காற்று தங்குகிறது. தண்ணீர் மாற்றும்போது பின்னால் வழியும் துளிகள் அந்த இடைவெளியில் இறங்கி, திட்டுத்திட்டாகப் படர்ந்து, காய்ந்த பிறகு உப்புக் கோடுகளாக நின்றுவிடுகின்றன. கண்ணாடியின் மேலேயே பூசிய வண்ணத்துக்கு இந்தக் குறை கிடையாது. அது இடைவெளியின்றி ஒட்டிக்கொள்வதால், பின்கண்ணாடி உள்பக்கமாகச் சாய்கோணத்தில் காட்டும் பிரதிபலிப்பும் வெகுவாகக் குறைகிறது.

வண்ணத்தை வெளிப்புறத்தில் மட்டுமே பூச வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் விற்கப்படும் பெயிண்ட் எதுவும் மீன்கள் வாழும் நீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே பூசினால் நாளடைவில் உரிந்து நீரில் கலக்கும்.

எந்த நிறம் என்பதை மீன்களைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. மீன்களின் தோலில் உள்ள கருநிறமிச் செல்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாறுபவை. சுற்றுப்புறம் வெளிறியிருந்தால் நிறமித் துகள்கள் செல்லின் நடுவில் குவிந்து மீன் வெளுத்துத் தெரியும், இருண்டிருந்தால் அவை விரிந்து பரவி உடல் நிறம் ஆழமாகும். அதனால்தான் வெள்ளைப் பின்னணியில் சோகையாகத் தெரியும் மீனே கறுப்புப் பின்னணியில் சில நாட்களில் பொலிவு பெறுகிறது. நியான் டெட்ரா போன்ற, நிழல் படர்ந்த அமேசான் ஓடைகளில் வாழும் மீன்களுக்கும், சிவப்பு கப்பிகளுக்கும், கோல்டு ஃபிஷ்ஷுக்கும் கறுப்பே என் முதல் பரிந்துரை. வயர்களும் குழாய்களும் அதில் மறைந்துவிடுவது கூடுதல் நன்மை. பிளாக் மோலியோ பிளாக் மூரோ வளர்ப்பவர்கள் மட்டும் கறுப்பைத் தவிர்த்து, நடுத்தர நீலத்தையோ சாம்பலையோ தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் மீன் இருக்கும் இடமே தெரியாது. கடைத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் பளிச்சென்ற வெளிர்நீலம் வீட்டுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. அது மீனை விட்டுவிட்டுத் தன்னையே பார்க்கச் சொல்கிறது.

பெயிண்ட் வகையில், நீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷன் வீட்டில் கையாள எளிது. வாடை குறைவு, ரோலரைத் தண்ணீரிலேயே கழுவலாம், பின்னாளில் வேண்டாமென்றால் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். எனாமலும் கரும்பலகை பெயிண்டும் இன்னும் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் அவற்றில் உள்ள கரைப்பானின் வாடை நாள்கணக்கில் நீடிக்கும். ஸ்பிரே டப்பா சீராகப் பரவும் என்றாலும், அதை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, மீனும் நீரும் இல்லாத வெறும் தொட்டிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மினுமினுப்பா மங்கலா என்று கடைக்காரர் கேட்டால் எதுவானாலும் சரி. முன்னாலிருந்து பார்க்கும்போது கண்ணாடியின் பளபளப்புதான் தெரியுமே தவிர, பெயிண்டின் மேற்பரப்பு தெரியாது. இரண்டடி நீளம், ஓரடி உயரம் உள்ள தொட்டியின் பின்கண்ணாடி வெறும் இரண்டு சதுர அடிதான். மூன்று பூச்சுக்கும் சேர்த்து 100 மில்லி தாராளமாகப் போதும்.

இந்த வேலையில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. சுவருக்கு அடிக்கும்போது கடைசிப் பூச்சுதான் கண்ணுக்குத் தெரியும். இங்கே, தொட்டியின் முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது கண்ணாடியைத் தொட்டு நிற்கும் முதல் பூச்சு. ஆகையால் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு அடிக்கக்கூடாது. அடித்தால் அதன் வெள்ளைதான் நிரந்தரமாகத் தெரியும். பிடிப்புக்காக உப்புத்தாள் தேய்க்கவும் கூடாது, கீறல்கள் அப்படியே தெரியும். கண்ணாடியில் விட்டுவைத்த தூசி, தலைமுடி, விரல்ரேகை, உப்புக்கறை ஆகிய எதையும் அடுத்தடுத்த பூச்சுகளால் மறைக்க முடியாது. கீழே அடர்நீலம், மேலே வெளிர்நீலம் என இரு நிறங்களைக் கலந்து தர நினைப்பவர்களும், அந்தக் கலவையை முதல் பூச்சிலேயே முடித்துவிட்டு, பின்னால் ஒரே நிறத்தை ஒளி புகாதபடி அடைப்பாகப் பூச வேண்டும்.

எனவே சுத்தம் செய்வதற்கு நேரம் ஒதுக்குங்கள். போர் தண்ணீர் வழிந்து படிந்த வெள்ளைக்கறையை வினிகர் நனைத்த துணியால் சில நிமிடங்கள் ஊறவைத்துத் தேய்த்தால் இளகும். பிடிவாதமான இடத்தைப் புதிய பிளேடைப் படுக்கையாக வைத்து வழிக்கலாம். ஓரத்து சிலிக்கானில் மட்டும் பிளேடு படக்கூடாது, நீரைத் தாங்கி நிற்பதே அதுதான். பிறகு சோப்பு நீரால் துடைத்து, நல்ல நீரால் கழுவிக் காயவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். அதன்பின் வெறும் விரல் அதில் படக்கூடாது.

காலித் தொட்டியை இருவராகப் பிடித்து, மடித்த கம்பளியின்மேல் முன்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். பின்கண்ணாடி மேல்நோக்கி இருந்தால் பெயிண்ட் வழியாது. நான்கு ஓரங்களிலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, தொட்டியின் வாயையும் பக்கக் கண்ணாடிகளையும் செய்தித்தாளால் முழுவதும் மூடிவிடுங்கள்.

முதல் பூச்சுக்குச் சிறிய ஃபோம் ரோலரை எடுத்து, மிகக் கொஞ்சமாகப் பெயிண்ட் தொட்டு, ஒரே திசையில் மெல்லியதாக இழுங்கள். கோடுகோடாகவும் ஒளி ஊடுருவும்படியும் அது இருக்கத்தான் செய்யும். அழகாக இல்லையே என்று அதே இடத்தில் மீண்டும் மீண்டும் ரோலரை ஓட்டினால், அரைகுறையாகக் காய்ந்த படலம் கண்ணாடியை விட்டுச் சுருண்டு எழும். எமல்ஷன் அரைமணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும், அடுத்த பூச்சுக்கு நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாத ஈரக்காற்றில் ஒரு நாளே ஆகலாம். உச்சிவெயிலிலும் வேண்டாம், பெயிண்ட் பரவுவதற்கு முன்பே இறுகி ரோலர் தடம் நின்றுவிடும். இரண்டாவது பூச்சை முதலாவதற்குக் குறுக்காகவும், மூன்றாவதை மீண்டும் முதல் திசையிலும் பூசுங்கள்.

பூச்சு அடைப்பாக விழுந்திருக்கிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கடினம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தொட்டிக்குள் வைத்து வெளியிலிருந்து பார்த்தால், விடுபட்ட இடங்களெல்லாம் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அவை மறையும்வரை இன்னொரு பூச்சு தேவை. டேப்பை உரிக்கும் முன், அதன் ஓரமாகப் பிளேடால் மெல்லக் கீறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டேப்போடு சேர்ந்து பெயிண்ட் படலமும் உரிந்து வரும். ஒரு வாரம் காயவிட்ட பின் நீர் நிரப்புவது உத்தமம்.

மீன்கள் இருக்கும் தொட்டிக்கே பூச வேண்டிய நிலை வந்தால், சுவரிலிருந்து கை நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீர் நிறைந்த தொட்டியை ஒருபோதும் நகர்த்தக்கூடாது. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்ற அளவுள்ள தொட்டியில் நீரின் எடை மட்டுமே ஏறத்தாழ 56 கிலோ. இடம் இருந்தால், எமல்ஷனை மட்டும் சிறு தூரிகையால் பூசலாம். ஸ்பிரேயும் எனாமலும் இங்கே ஆபத்தானவை, ஏனெனில் ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்து நீருக்குள் தள்ளுகிறது. அதில் கலந்த கரைப்பான் ஆவி நேரே மீன்களிடம் போய்ச் சேரும். நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும் ஃபைட்டர், கௌராமி போன்றவற்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எமல்ஷன் பூசும்போதும் ஜன்னல்களைத் திறந்து, பம்ப்பை அடுத்த அறையில் வைத்துக் குழாயை மட்டும் நீட்டிவிடுவது பாதுகாப்பு.

பின்விளிம்பில் தொங்கவிடும் ஃபில்டர் கண்ணாடியில் உரசும் இடத்தில் பூச்சு தேய்ந்துபோகும். அங்கே சிறு ஃபோம் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். எமல்ஷன் பூச்சின்மேல் தண்ணீர் வழிந்தால் உடனே துடைத்துவிட வேண்டும், தேங்கவிட்டால் கொப்புளிக்கும். நிறத்தை மாற்ற விரும்பும்போது, ஈரத்துணியால் அரைமணி நேரம் மூடி வைத்துப் புதிய பிளேடால் வழித்தால் படலம் தாள்போல உரிந்து வரும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன தொட்டிக்கு மட்டும் பிளேடும் தின்னரும் ஸ்பிரிட்டும் ஆகாது. பிளேடு கீறிவிடும், மற்றவை நுண்விரிசல்களை உண்டாக்கும். அதைச் சோப்பு நீரால் மட்டுமே துடைக்க வேண்டும்.